மோட்டாரைத் தண்ணீரிடம் கொண்டு போங்கள்: வீட்டு மோட்டாருக்கு எது சரியான இடம்?

கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் ஒரு தம்பதி புது வீடு கட்டுகிறார்கள். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கிறது. போன வாரம் அந்த அம்மிணி போனில் கூப்பிட்டது.

"ஏனுங்ணா, மோட்டார எங்கீங்க வெக்கறது? எங்க வீட்டுக்காரரு மாடிப்படிக்கு அடியிலங்கறாரு. மாமியாரு சத்தம் ஆகாது, கேட்டுப் பக்கம் வையுங்கறாங்க. பிளம்பரண்ணன் தொட்டிக்குள்ளயே போட்டுரலாங்கறாரு."

"இஞ்சினியர் என்னங்க சொன்னாரு?"

"அது பிளம்பர் வேலைங்க, நீங்களே பேசிக்கங்கன்னுட்டாருங்க."

அதே ஊரில் கணபதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி மாதம் நாலு தடவையாவது வரும். ஆனால் பெரும்பாலும் டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி, முதல் காயிலும் போன பிறகுதான் வரும். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தது நம் பீளமேட்டில். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் பம்பு செய்து அனுப்பும் ஊர்க்காரர்கள் நாம். நம் வீட்டு மோட்டார் மட்டும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கே இடம் மிச்சமோ அங்கே கிடக்கிறது.

அந்த அம்மிணிக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் சொல்வது நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை, முக்கால், ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் பற்றி. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டாருக்கு இடத்தேர்வே கிடையாது. அது போன இடம்தான் அதற்கு இடம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் இழுவை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மோட்டார் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. சரியாகச் சொன்னால் அது தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாயில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்று தொட்டித் தண்ணீரை அழுத்த, தண்ணீர் குழாயில் ஏறி வருகிறது. அந்த அழுத்தத்தால் கடல் மட்டத்தில் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது, எந்தக் கம்பெனி மோட்டாரானாலும் சரி. கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே அதிலும் அரை மீட்டர் போய்விடும். இது ஏட்டுக் கணக்கு. குழாய் உராய்வு, புட் வால்வு (இழுவைக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது), தேய்ந்த சீல் (சுழலும் தண்டின் ஓரம் தண்ணீர் கசியாமல் காக்கும் வளையம்) எல்லாம் கழித்தால் 20 அடிதான் நம்பலாம். வீட்டு மோட்டாருக்கு 15 அடிக்குள் இருந்தால் நிம்மதி.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் அப்பாரு தோட்டத்துக் கிணற்றில் பார்த்தேன். மோட்டார் ரூம் கிணற்று மேட்டில் இருந்தது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் வெறும் காற்றைக் குடித்தது. அப்பாரு ஆள் வைத்துக் கிணற்றுக்குள்ளே பாறையில் மேடை வெட்டி மோட்டாரை இறக்கினார். நாலைந்து வருஷம் கழித்து அதற்கும் கீழே இன்னொரு மேடை. "தண்ணி மோட்டாருகிட்ட வராது கண்ணு, மோட்டாரத்தான் தண்ணிகிட்டக் கொண்டுபோகோணும்" என்பார். கொங்கு நாட்டில் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால் இப்படி மேடைகள் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகாத அந்த மனுசருக்குத் தெரிந்தது, கம்ப்யூட்டரில் பிளான் போடும் இன்றைய ஆட்களுக்குப் பல நேரம் தெரிவதில்லை.

இரண்டாவது, மழைத்தண்ணீர். ஐப்பசி அடைமழையில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா? மோட்டார் நனைந்தால் காயில் போகும். அதைவிட மோசம், நனைந்த மோட்டாரை யாராவது தொடுவது.

மூன்றாவது, ரிப்பேர்காரன் குந்த இடம். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பைப் ரென்ச் பிடித்துத் திருப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் வீடுகளில் இது இன்னும் முக்கியம். சிறுவாணித் தண்ணீர் மட்டும் ஓடும் மோட்டார் வருஷக்கணக்கில் கூப்பிடாது. ஆயிரம் அடி போர் தண்ணீர் ஓடும் மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைச் சுற்றி வெள்ளையாகக் காரை பிடிக்கும், சீல் சீக்கிரம் சொட்டும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சுவிட்சைப் போட்டால் 'ஊம்' என்று முனகிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் காற்றோட்டம், சத்தம், திருட்டு. இவை இடத்துக்கு இடம் மாறும்; அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கே உரிய தலைவலி. வாஸ்துப்படி நிலத்தடித் தொட்டி ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில். மேல் தொட்டி கன்னி மூலையில், தென்மேற்கில். வீட்டின் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் தண்ணீர் போக வேண்டும். வாஸ்து பார்ப்பது பார்க்காதது உங்கள் விருப்பம். பார்த்தால், குழாயின் நீளத்தை எந்தப் பக்கம் விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மோட்டாருக்கு முன்னால் வரும் இழுவைக் குழாய் குட்டையாகவும், மோட்டாருக்குப் பின்னால் போகும் குழாய் நீளமாகவும் இருக்கலாம். திருப்பிச் செய்தால் மோட்டார் உங்களை ஆயுசுக்கும் திட்டும்.

## தொட்டி ஓரம், தரைமட்டம்

முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். தொட்டிக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, ஓர் அடி உயரத்துக்கு சிமென்ட் மேடை, மேலே தகரமோ ஷீட்டோ கூரை. தொட்டி 8 அடி ஆழம் என்றால் அடித்தண்ணீரை எடுக்கும்போதுகூட மோட்டார் ஏற்ற வேண்டிய உயரம் பத்து அடிக்குள்தான். தண்ணீர் சட்டென்று ஏறும். ரிப்பேர்காரன் வெயிலில் குந்துவான், ஆனால் குந்த இடம் இருக்கும்.

இதில் மூன்று தப்பு நடக்கிறது. முதலாவது, தொட்டி மூடியின் மேலேயே மோட்டாரை வைத்து போல்ட் போடுவது. கீழே வெற்றிடம், மேலே பலகை மாதிரி கான்கிரீட். தவிலின் மேல் மோட்டாரை வைத்த மாதிரிதான். நிமிஷத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும் சாமான் அது. அந்த அதிர்வு முழுவதும் தொட்டிக்குள் முழங்கி வீட்டுக்குள் வரும். "இந்த மோட்டார் சத்தம் ஜாஸ்தி" என்று மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த மோட்டார்களில் பாதியைப் பட்டறை மேசையில் ஓட்டினால் பூனை மாதிரி ஓடும். தனி மேடை, அடியில் ரப்பர் பட்டை, குழாயில் ஒரு முழம் ஹோஸ். சத்தம் பாதி அடங்கிவிடும்.

இரண்டாவது, அழகுக்காகச் சுற்றிலும் இரும்புப் பெட்டி அடிப்பது. மோட்டாரின் பின்பக்கம் ஒரு விசிறி இருக்கிறது; அது காற்றை இழுத்து உடம்பின் மேல் விடும். காற்றுப் போக வழியில்லாத பெட்டியில், ஈரோடு கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், மேற்குப் பார்த்த சுவரில் வைத்தால் மோட்டார் சொந்தச் சூட்டிலேயே வேகும். பெட்டி வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சல்லடைத் தகடு வையுங்கள், விசிறிக்கும் சுவருக்கும் நடுவில் அரை அடியாவது விடுங்கள். சல்லடைக் கண் சின்னதாக இருக்கட்டும். சுவிட்சுக்குள் எறும்பு கூடுகட்டி மோட்டார் ஓடவில்லை என்று வருஷத்துக்கு ஒரு பத்து வீட்டுக்காவது போகிறேன்.

மூன்றாவது பலர் கவனிக்காதது: வாசல் தெளிப்பது. கேட்டுக்குள் வாசலோரம் மோட்டார் இருக்கும். விடிகாலையில் சாணித் தண்ணீரோ வெறும் தண்ணீரோ வீசித் தெளிக்கும்போது தினமும் ஒரு கை மோட்டார் மேல் விழும். ஒரு பக்கம் மட்டும் துருவேறிய மோட்டார் பட்டறைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "வாசப்படி எந்தப் பக்கம்ங்க?" என்றுதான். ஓர் அடி மேடையும் தெளிக்கும் பக்கம் ஒரு தடுப்பும் போதும்.

மறைமுகச் செலவு என்றால் மேடை, கூரை, போர்டிலிருந்து தொட்டி வரை ஒயர். அந்த ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். வோல்டேஜ் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஊர்ப்புறத்தில் மெல்லிய ஒயரும் சேர்ந்தால் மோட்டார் கிளம்பாமல் முனகும். முனகியே காயில் போகும். இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் போடுங்கள், எர்த் சேர்த்து. ஆள் குடிவராத புது லேஅவுட் என்றால் செம்புக்காக மோட்டாரைக் கழற்றிப் போகும் ஆட்களும் உண்டு. அங்கே மட்டும் பூட்டுப் பெட்டி அவசியம்.

## மாடிப்படிக்கு அடியில்

வீட்டுக்காரர்களுக்குப் பிடித்த இடம். மழை படாது, வெயில் படாது, கண்ணிலும் படாது. கண்ணில் படாததுதான் கோளாறு.

மாடிப்படி தொட்டியை ஒட்டி இருந்தால் நான் மறுப்பே சொல்ல மாட்டேன். மாடியை வாடகைக்கு விடும் வீடுகளில் படி வெளியே, முன்பக்கம் இருக்கும்; தொட்டியும் முன்பக்கம் இருக்கும். பத்தடிக்குள் முடிந்துவிடும். அங்கே மாடிப்படி அடிதான் சிறந்த இடம், தொட்டி ஓரத்தைவிடவும். மேடை கட்டவோ கூரை போடவோ தேவையில்லை.

படி ஒரு மூலையில், தொட்டி எதிர் மூலையில் என்றால் கதையே வேறு. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. தொட்டி ஈசானியத்தில், படி தென்மேற்கில். இழுவைக் குழாய் ஹாலுக்கு அடியில் நாற்பது அடி ஓடுகிறது. ஆறு மாதம் நன்றாக ஓடிய மோட்டார் ஒருநாள் தண்ணீர் எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டினால் எடுக்கும். மறுநாள் மறுபடியும் ஊற்ற வேண்டும். புட் வால்வை மாற்றினார்கள், சீல் மாற்றினார்கள், மோட்டாரையே மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் ஹாலுக்கு அடியில் ஒரு இணைப்பில் மயிரிழை விரிசல். அங்கிருந்து காற்று உள்ளே போகிறது. இதுதான் இழுவைக் குழாயின் குணம்: தள்ளும் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வரும், சுவர் நனையும், கண்டுபிடித்துவிடலாம். மோட்டார் ஓடும்போது இழுவைக் குழாயில் காற்று உள்ளே போகும்; வெளியே அடையாளமே இருக்காது. டைல்ஸை உடைப்பதா என்று அந்த வீட்டம்மா கேட்டபோது நான் உடைக்க வேண்டாம் என்றேன். மோட்டாரைத் தூக்கித் தொட்டி ஓரத்தில் வைத்து, பழைய குழாயையே தள்ளும் குழாயாக மாற்றினோம். கொஞ்சம் கசிந்தாலும் ஹால் அடியில் ஈரம் வந்தால் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக வரவில்லை.

நீள இழுவையால் கரன்ட்டும் போகும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 600 வாட் எடுக்கும். நாளுக்கு நாற்பது நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். தண்ணீர் பாதி வேகத்தில் ஏறினால் இரண்டு மடங்கு நேரம், 48 யூனிட். மின்வாரியம் வீட்டுக்கு இலவசமாகத் தரும் யூனிட்டில் பெரும் பங்கை இது ஒன்றே தின்றுவிடும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. படியின் சுவர் எந்த அறைக்குப் பொதுச் சுவர் என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அறை என்றால் மோட்டாரைச் சுவரில் மாட்டவே கூடாது, தரையில்தான். இன்வெர்ட்டர் பேட்டரியும் அதே பொந்தில் இருந்தால் கூடவே கூடாது. சீலிலிருந்து ஒருநாள் தண்ணீர் பீய்ச்சும்.

## தொட்டியை ஒட்டிய குழி

தொட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து அடி குழி வெட்டி, அதற்குள் மோட்டார். தொட்டியில் தண்ணீர் மட்டம் மோட்டாரைவிட உயரத்தில் இருக்கும்வரை தானாகவே மோட்டாருக்குள் வந்து நிற்கும். அதுவரை தண்ணீர் ஊற்றி எடுக்கும் தொல்லை கிடையாது. தத்துவமாகப் பார்த்தால் இதுதான் மிகச் சரியான இடம். அப்பாரு கேட்டால் சந்தோஷப்படுவார்.

நானும் என் வீட்டில் அப்படித்தான் வைத்தேன். மோட்டார்காரன் வீடு, இலக்கணப்படி இருக்க வேண்டும் அல்லவா? மூன்று வருஷம் ஓடியது. ஒரு ஐப்பசியில் ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிகாலை எழுந்து பார்க்கிறேன், குழி மூடியின் ஓரத்தில் குமிழி வருகிறது. டார்ச் அடித்தேன். மோட்டார் தெரியவில்லை, கலங்கல் தண்ணீரில் ஒரு பக்கெட் மூடியும் இரண்டு தேங்காய்த் தொட்டியும் மிதக்கின்றன. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மகன், "அப்பா, மேல தண்ணி இல்ல, மோட்டார் போடட்டுமா?" என்கிறான். அவன் கை சுவிட்சில் இருந்தது. நான் கத்திய கத்தலில் தெருவே எழுந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டுத்தான் குழிக்கு அருகிலேயே போனேன்.

குழியில் இருக்கும் சிக்கல் இதுதான். தெருச் சாக்கடைக்குக் கீழே இருப்பதால் தண்ணீரை வடியவைக்க வழியில்லை. சுவரைச் சிமென்ட் பூசிக் காப்பாற்றலாம், மூடியை இறுக்கலாம். ஆனாலும் ஊற்றுத் தண்ணீர் வரும். மறைமுகச் செலவும் அதிகம். இழுவைக் குழாயில் கட்டாயம் ஒரு வால்வு வேண்டும். இல்லையென்றால் மோட்டாரைக் கழற்றிய நொடியில் தொட்டித் தண்ணீர் குழிக்குள் பாயும். ஆள் இறங்கி வேலை செய்ய மூன்றடி சதுரமாவது வேண்டும். அந்த இடத்தை யாரும் விடுவதில்லை.

எப்போது சரி? தொட்டி 15 அடிக்கும் மேல் ஆழம், அல்லது மேட்டு நிலத்தில் வீடு, குழியின் தண்ணீர் பக்கத்துச் சரிவில் தானாக வடிந்துவிடும் என்றால் சரி. ஆனைகட்டி, மருதமலை அடிவாரப் பக்கம் அப்படிச் சரிவான மனைகள் உண்டு. மற்றவர்கள் குழியைத் தூர்த்துவிடலாம். நான் தூர்த்துவிட்டேன்.

## தொட்டிக்குள்ளேயே முழுகு மோட்டார்

பிளம்பர் சொன்னது இது. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் என்று கடையில் கேட்டால் தருவார்கள். தண்ணீருக்குள் படுத்துக்கொண்டு ஓடும். சத்தமே வராது. இழுவை என்ற பேச்சே இல்லை. திருடவும் முடியாது.

சத்தம் ஆகாத வீட்டுக்கு, பச்சைக் குழந்தையோ படுக்கையில் பெரியவர்களோ இருக்கும் வீட்டுக்கு, வெளியே ஒரு அடி இடமும் விடாமல் கட்டிய ஒரு சென்ட் இரண்டு சென்ட் வீட்டுக்கு இதுதான் விடை. ஆனால் வாங்கும் முன் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய வகையா, எண்ணெய் நிரப்பிய வகையா என்று கேளுங்கள். குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு எண்ணெய் வகை வேண்டவே வேண்டாம். சீல் தேய்ந்தால் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்.

மோட்டார் முழுகியே இருக்க வேண்டும். அதனால் அடியில் ஓர் அடித் தண்ணீரை எடுக்க முடியாது. 6 அடிக்கு 8 அடி தொட்டியில் அந்த ஓர் அடி என்பது 1,350 லிட்டர். கார்ப்பரேஷன் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும் தெருவில் அது இரண்டு நாள் தண்ணீர். தொட்டி கட்டும்போதே மோட்டாருக்குக் கீழே ஒன்றரை அடிச் சதுரமாக, ஓர் அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் விடச் சொல்லுங்கள். மோட்டார் அதில் கொள்ளுமா என்று முதலில் அளந்து பாருங்கள். கட்டி முடித்த பிறகு இதைச் செய்ய முடியாது. அப்படியும் தொட்டி வற்றிவிட்டால் மோட்டார் வறண்டு ஓடிக் கெடும், ஆகவே தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் லெவல் சுவிட்ச் கட்டாயம்.

மூடி மோட்டாருக்கு நேர் மேலே, ஆள் இறங்கும் அளவு இரண்டடிச் சதுரம். தூக்குவதற்கு நைலான் கயிறோ சங்கிலியோ கட்டி விடுங்கள். ஒயரைப் பிடித்துத் தூக்கிய மோட்டார் எத்தனையோ பட்டறைக்கு வருகிறது, ஒயர் இணைப்பில் தண்ணீர் இறங்கி.

கடைசியாக மின்சாரம். தண்ணீருக்குள் கரன்ட் இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த வகையைப் போடாதீர்கள். தொட்டி கழுவ ஆள் இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே வேறு யாரோ சுவிட்சைப் போடுவார்கள், என் மகன் மாதிரி.

ரிப்பேர் என்றால் வெளியே எடுத்துக் காயில் கட்ட, சாதாரண மோட்டாரைவிடக் கூலியும் நாளும் அதிகம் ஆகும். அதுவரை குடத்தில் தண்ணீர் மொள்ள வேண்டியதுதான்.

## மொட்டை மாடியில் பிரஷர் பம்ப்

இது வேறு ஜாதி. மேல் தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தண்ணீரை வேகமாகத் தள்ளுவது. ஆனாலும் "அத எங்கீங்ணா வெக்கறது?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் சேர்க்கிறேன்.

வாங்கும் முன் ஒரு கணக்கு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் ஒரு பார் அழுத்தம். மேல் மாடி ஷவருக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் உயர வித்தியாசம் ஏழெட்டு அடி. அது கால் பார்கூட இல்லை. அகல ஷவர் வாங்கி மாட்டிவிட்டுத் தண்ணீர் சொட்டுகிறது என்றால் ஷவரின் தப்பு அல்ல. ஆனால் பல வீட்டில் குற்றவாளி வேறு: உப்புக் காரை அடைத்த ஷவர் தலை, இல்லையென்றால் ஒரு இஞ்சு போட வேண்டிய இடத்தில் முக்கால் இஞ்சுக் குழாய். உராய்வு மூன்று நாலு மடங்கு ஆகிவிடும். முதலில் ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பம்பு வாங்குங்கள்.

வாங்குவதானால் படுக்கையறைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் கை கழுவினாலும் அது கிளம்பும். படிக்கூண்டுக்கு மேலே அல்லது குளியலறைகளுக்கு மேலே, தனி மேடையில் ரப்பர் மேல் வையுங்கள்.

சோலார் வெந்நீர் வைத்திருப்பவர்கள் கவனம். கண்ணாடிக் குழாய் வகைத் தொட்டிகளில் பெரும்பாலானவை அழுத்தம் தாங்காது. மேலே காற்றுக் குழாய் திறந்து இருக்கும். குளிர்ந்த தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் போட்டால், வெந்நீரும் குளிர்ந்த தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாயைத் திறக்கும்போது குளிர்ந்த தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறி, சோலார் தொட்டியின் காற்றுக் குழாய் வழியாக மாடியில் கொட்டும். வெந்நீரும் வராது. இரண்டு லைனுக்கும் பம்ப் வேண்டும், வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் வகையாக. இதைச் சொல்லாமல் விற்றுவிடுவார்கள். பம்ப் விலையோடு இன்னொரு பம்ப் விலையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | இழுவை | மழை | சத்தம் | ரிப்பேர் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|---|
| தொட்டி ஓரம் | நன்று | கூரை வேண்டும் | நடுத்தரம் | எளிது | மேடை, கூரை, ஒயர் |
| மாடிப்படி அடி | தொட்டி அருகில் என்றால் நன்று, தூரம் என்றால் மோசம் | பயமில்லை | வீட்டுக்குள் கேட்கும் | குனிந்து செய்ய வேண்டும் | டைல்ஸுக்கு அடியில் குழாய் |
| குழி | மிக நன்று | மிக மோசம் | குறைவு | கடினம் | வால்வு, வடிகால், காயில் |
| தொட்டிக்குள் | பேச்சே இல்லை | பயமில்லை | இல்லை | வெளியே தூக்க வேண்டும் | ஆர்.சி.சி.பி., லெவல் சுவிட்ச் |

எங்கே வைத்தாலும் மோட்டாரின் இரண்டு பக்கமும் யூனியன், அதாவது கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு, போடச் சொல்லுங்கள். சின்னச் சாமான்தான். அது இல்லாத வீட்டில் ஒவ்வொரு ரிப்பேருக்கும் குழாயை அறுத்து, கப்ளிங் போட்டு, பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். இழுவைக் குழாய் மோட்டாரை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி மேடு இருந்தால் அங்கே காற்று தேங்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே வைத்தாகிவிட்டதா? மாற்ற வேண்டுமா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது மேல் தொட்டியில் விழும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து எத்தனை நொடி என்று பாருங்கள். தொட்டி அடியைத் தொடும்போது மறுபடியும் பிடியுங்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இரண்டு மடங்கு ஆனாலோ, தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தாலோ இழுவையில்தான் கோளாறு. புது மோட்டார் வாங்கிப் பிரயோஜனமில்லை.

வடவள்ளி அம்மிணிக்கு என்ன சொன்னேன்? தொட்டி கேட்டுக்கு உள்ளே ஈசானியத்தில், மாடிப்படி பின்பக்கம். வீட்டுக்காரர் கட்சி அங்கேயே போயிற்று. சத்தத்துக்குப் பயந்து தொட்டிக்குள் போடும் அளவுக்கு வீட்டில் யாரும் இல்லை. போர் தண்ணீர், சிறுவாணி என்று இரண்டு தண்ணீரும் உண்டு, தனித்தனித் தொட்டி, ரிப்பேர் அடிக்கடி வரும். ஆக மாமியார் சொன்ன இடம்தான், கேட்டுப் பக்கம். மூடி மேல் வேண்டாம், காம்பவுண்டுச் சுவரோரம் தனி மேடை, வாசல் தெளிக்கும் பக்கம் ஒரு கடப்பாக் கல் தடுப்பு. போர்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒயருக்கென்று ஒரு குழாயைப் பூச்சுக்குள் இப்போதே புதைத்துவிடச் சொன்னேன்.

"சரிங்ணா, மாமியாருகிட்ட நீங்களே சொல்லிருங்க, நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்று போனை அந்தம்மா கையில் கொடுத்துவிட்டது.